ரீகோல் இருக்கு, பாட்ஸ் இல்லை: டாங்கியில பெற்றோல் மணம், வெயிலுக்க ஸ்ராட் பிந்துது

விசுவமடு35

வணக்கம். வண்டி ஜப்பானில இருந்து வந்த ரீகண்டிஷன் ஹைபிரிட் கார், 1500 சீசீ, 2014 தயாரிப்பு, ஓட்டம் 1,38,000 கிலோமீற்றர்.

புல் டாங்க் அடிச்சால் அடுத்த நாள் வரைக்கும் பின்சீட்டுப் பக்கம் பெற்றோல் மணக்குது. அரை டாங்கிக்குக் கீழ இறங்கினால் மணம் இல்லை. நிலத்தில சொட்டு ஒண்டும் காணேல்லை. அதோட, மத்தியான வெயிலுக்க நிப்பாட்டி வைச்சிட்டு எடுத்தால் எஞ்சின் பிடிக்கப் பிந்துது. பரந்தன்–முல்லைத்தீவு றோட்டில ஓடேக்க ரெண்டு தரம் இழுவை விட்டு, பிறகு தானாச் சரிவந்தது.

சேசிஸ் நம்பரை உற்பத்தியாளரின்ர ஜப்பான் இணையப் பக்கத்தில அடிச்சுப் பாத்தால் பெற்றோல் பம்புக்கு ரீகோல் (பிழையான பாகத்தை மாத்த உற்பத்தியாளர் வண்டியைத் திருப்பிக் கூப்பிடுறது) இருக்கு, இன்னும் செய்யேல்லை எண்டு காட்டுது. ஏஜென்ட்டிட்டைப் பதிஞ்சு எட்டு மாசம். எப்ப கேட்டாலும் "பாட்ஸ் வந்தால் அறிவிக்கிறம்" எண்ட ஒரே பதில். ஒரு கராஜில டாங்கியில வெடிப்பு விட்டிருக்கும், இறக்கி எம்சீல் எண்ட ஒட்டுப்பசை வைப்பம் எண்டினம். இன்னொரு இடத்தில கொப்பி (கொம்பனி அல்லாத நகல்) பம்ப் போடச் சொல்லினம்.

கேட்க வேண்டியது மூண்டு: மணம் உண்மையில எங்கையிருந்து வருது? பாட்ஸ் வருமட்டும் ஓடலாமா? ஏஜென்ட்டை எப்பிடி அசைக்கிறது?

---

கரடிப்போக்குக் கராஜ்

தம்பி, மணம் ஒரு வருத்தம், வெயிலுக்க ஸ்ராட் பிந்துறது இன்னொரு வருத்தம். ரெண்டையும் ஒரே ரீகோலோட முடிச்சுப்போட்டுக் காத்திருக்காதேங்கோ. பம்ப் மாத்தின பிறகும் மணம் அப்பிடியே நிக்கலாம்.

புல்லில மணந்து அரையில நிண்டால் கசிவு டாங்கியின்ர மேல்பக்கத்தில. அடிப்பக்கம் வெடிச்சிருந்தால் கால் டாங்கியிலும் மணக்கும், வண்டி நிண்ட இடத்தில ஈரமும் தெரியும். அதால டாங்கி இறக்கிற கதையை இப்ப விடுங்கோ. மேல்பக்கத்தில பாக்கவேண்டிய இடம் மூண்டு: பம்ப் மூடிக்குக் கீழ இருக்கிற ஓ-ரிங் எண்ட ரப்பர் வளையம், பெற்றோல் விடுற குழாயை டாங்கியோட சேர்க்கிற ரப்பர் ஹோசும் கிளிப்பும், ஆவி போற ஹோசும் கனிஸ்டரும்.

முதல்ல ஓ-ரிங். 12 வோல்ட் பற்றியின்ர மைனஸ் வயரைக் கழட்டுங்கோ. பின்சீட்டைத் தூக்கினால் கீழ ஒரு தகட்டு மூடி இருக்கும், அதைத் திறவுங்கோ. எங்கட கிரவல் றோட்டுகளில ஓடுற வண்டியெண்டால் பம்புக்கு மேல செம்மண் புழுதி மொத்தமாப் படிஞ்சிருக்கும். அதைத் துடைக்க முதல் நல்லாப் பாருங்கோ, அந்தப் புழுதிதான் சாட்சி. காஞ்சு பொடியாக் கிடந்தால் அந்த இடம் சுகம். ரிங்கைச் சுத்திக் கறுத்துக் கட்டிபட்டிருந்தால் அதில பெற்றோல் ஊறுது. சந்தேகமெண்டால் புழுதியைத் துடைச்சு, சோக்குத் தூள் தூவி, மூடியைப் போட்டிட்டு, புல் டாங்கோட ஒரு பத்துக் கிலோமீற்றர் ஓடிப்போட்டுத் திறந்து பாருங்கோ. பெற்றோல் பறந்துபோனாலும் கறை நிக்கும்.

ஹோஸ் பாக்கிறதெண்டால் பின் இடப்பக்கமோ வலப்பக்கமோ, பெற்றோல் விடுற மூடி இருக்கிற பக்கச் சில்லைக் கழட்டி உள் மட்கார்டையும் எடுக்கவேணும். கிளிப்புக்குக் கிட்ட ரப்பரை மடிச்சுப் பாத்தால் வெடிப்புத் தெரியும்.

கனிஸ்டர் எண்டது கரித்தூள் நிரப்பின பெட்டி. டாங்கியில வாற ஆவியைப் பிடிச்சு வைச்சு, எஞ்சின் ஓடேக்க உள்ள விட்டு எரிக்கும். ஆவிக்குத்தான் அது, பெற்றோலுக்கு இல்லை. பெற்றோல் செட்டில பைப் "டக்" எண்டு நிண்ட பிறகு, காசைச் சரிக்கட்ட எண்டு இன்னும் ரெண்டு மூண்டு தரம் அமத்தி அடிக்கிற பழக்கம் எங்கட பக்கம் நிறைய. அந்த மேலதிகப் பெற்றோல் ஆவிக் குழாயால நேரே கனிஸ்டருக்குள்ள போகும். கரி ஊறிச்செண்டால் நாள் கணக்கா மணக்கும். பெற்றோல் அடிச்ச உடனை ஸ்ராட் பிடிக்கக் கஷ்டப்படும். கடைசியில கரி உடைஞ்சு வால்வை அடைக்கும்.

வெயிலையும் கணக்கில எடுங்கோ. பெற்றோல் ஒரு பாகை சூட்டுக்கு ஆயிரத்தில ஒரு பங்கு அளவு விரியும். நிலத்துக்குக் கீழ குளிரா இருந்த 40 லீற்றர், வெயிலில நிண்டு 15 பாகை ஏறினால் அரை லீற்றருக்கு மேல கூடும். கழுத்து வரைக்கும் நிரப்பின டாங்கியில அந்த அரை லீற்றர் எங்கை போறது?

எம்சீல் வேலையைக் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கோ. பிளாஸ்ரிக் டாங்கி எண்டால் அதில எந்தப் பசையும் நிரந்தரமா ஒட்டாது. இரும்பு டாங்கி எண்டால் வெல்டிங் எண்டு நெருப்போட வருவினம். பெற்றோல் ஆவி காத்தில ஏறக்குறைய நூற்றுக்கு ஒண்டரைப் பங்கு கலந்தாலே பத்தும். வெறும் டாங்கிக்குள்ள அந்த ஆவிதான் இருக்கு. "பெற்றோலை ஊத்திப்போட்டம், பயமில்லை" எண்டு சொல்லுறது முழுப் பிழை. நிறைஞ்ச டாங்கியை விட வெறும் டாங்கிதான் ஆபத்து.

இன்னொண்டு. ஹைபிரிட்டில பெரிய பற்றியைக் குளிராக்கிற காத்தை பின்சீட்டுப் பக்கத்து ஓட்டையாலதான் ஃபான் இழுக்கிறது. மணம் வாற இடமும் அதுதான். கண்ணாடியை மூடி ஏசி போட்டுக்கொண்டு "கொஞ்சம்தானே மணக்குது" எண்டு ஓடுறதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். இது சரியாகுமட்டும் கால் டாங்கிக்கும் அரை டாங்கிக்கும் இடையில வைச்சு ஓடுங்கோ. காலுக்குக் கீழயும் விடாதேங்கோ, பம்ப் குளிருறது பெற்றோலுக்குள்ள மூழ்கி இருக்கிறதாலதான்.

---

வவுனியா டயக்னோஸ்

கரடிப்போக்கு அண்ணை மணத்தைப் பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கனிஸ்டரை லேசில் விடவேண்டாம். 2016இல் டொயோட்டா உலகம் முழுவதும் ஏறக்குறைய 28.7 இலட்சம் வாகனங்களைக் கனிஸ்டரில் வெடிப்பு வரக்கூடும் என்று மீளழைத்தது. டாங்கி நிரம்பியிருக்கும்போது அந்த வெடிப்பால் கசியும் என்பதுதான் அறிவிப்பு. எனவே ஜப்பான் பக்கத்தில் சேசிஸ் நம்பரை அடிக்கும்போது பம்ப் ரீகோலைக் கண்டவுடன் நிறுத்தாமல் பட்டியலைக் கடைசி வரை பாருங்கள். ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று இருக்கலாம்.

இனி பம்ப். ஜப்பான் உதிரிப்பாக நிறுவனமான டென்சோ தயாரித்த ஒரு தொகுதி பம்புகளில் உள்ளே சுழலும் பிளாஸ்ரிக் இம்பெல்லரின் அடர்த்தி குறைவு. அது பெற்றோலை உறிஞ்சி ஊதும். ஊதினால் பக்கச் சுவரில் உராயும். முதலில் இழுவை குறையும், பிறகு பம்ப் நின்றுவிடும், எஞ்சின் ஓட்டத்திலேயே அணையும். டொயோட்டா மட்டும் 2020 முடிவதற்குள் உலகம் முழுவதும் 58 இலட்சம் வாகனங்களை இதற்காக மீளழைத்தது. ஹொண்டா 2023 டிசம்பரில் ஏறக்குறைய 45 இலட்சம். உங்களுக்குச் சூட்டில் ஸ்ராட் பிந்துவதும், ஓட்டத்தில் இழுவை விட்டுப் பின்னர் சரிவருவதும் இதோடு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது போதாது, அளக்கவேண்டும்.

பெற்றோல் அழுத்தத்தைப் பிரஷர் கேஜ் வைத்துப் பாருங்கள். இந்த அளவு, பெற்றோலை சிலிண்டருக்கு வெளியே காற்றுக் குழாயில் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் பலவற்றில் 44 முதல் 50 பிஎஸ்ஐ இருக்கவேண்டும். எஞ்சினை நிறுத்தி 5 நிமிடம் கழித்தும் 21 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கக்கூடாது. நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்றால் கணக்கு வேறு, உங்கள் எஞ்சினின் புத்தகத்தைப் பாருங்கள். காலைக் குளிரில் ஒரு தரம், ஒரு மணித்தியாலம் ஓடி வெயிலில் நிறுத்திய பிறகு ஒரு தரம் எடுங்கள். குளிரில் சரியாக இருந்து சூட்டில் விழுந்தால் பம்ப். ஓடும்போது சரி, நிறுத்தியதும் வேகமாக இறங்குகிறது என்றால் பெற்றோல் டாங்கிக்குத் திரும்பாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வோ இன்ஜெக்டர் ஒழுக்கோ. அப்போது ரீகோலுக்கும் இதற்கும் தொடர்பில்லாமலும் இருக்கலாம்.

கேஜ் இல்லாத இடத்தில் பியூஸ் இருக்கும் இடத்தில் அம்பியர் மீற்றர் வைத்து பம்ப் எடுக்கும் மின்னோட்டத்தைப் பார்க்கலாம். நல்ல பம்ப் சாதாரணமாக 3 முதல் 6 அம்பியருக்குள் ஓடும். உராயும் பம்ப் அதற்கு மேல் ஏறும், சத்தமும் கூர்மையாகும்.

ஸ்கேனரில் பி0087, பி0171 என்ற இரண்டு பிழைக் குறியீடுகளையும் தேடுங்கள். முதலாவது பெற்றோல் அழுத்தம் குறைவு, இரண்டாவது எஞ்சினுக்குப் பெற்றோல் போதாமை. டாஷ்போர்டில் லைட் எரியாவிட்டாலும் பென்டிங் கோட்டாக (இன்னும் உறுதியாகாத பிழைக் குறியீடாக) கிடக்கலாம். ஆவிக் கசிவுக்கு கோட் வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவேண்டாம். கசிவைச் சோதிக்கும் அமைப்பு எல்லா வண்டியிலும் இல்லை.

---

மல்லாவி மடிப்பு

இடையில வாறதுக்கு மன்னிக்கவும். மோட்டார் சைக்கிள் எடுத்து 14 மாசம். டாங்கியின்ர அடி மடிப்பில பெற்றோல் ஈரம். ஏஜென்ட் "துருவுக்கு வொறண்டி இல்லை" எண்டுறார். என்ன செய்யலாம்?

---

கரடிப்போக்குக் கராஜ்

துரு உள்ளுக்க இருந்து வந்ததா, மடிப்பு வெல்டிங் பிழைச்சதா எண்டு முதல் பிரிக்கவேணும். டாங்கியில இருக்கிறதை வெள்ளைக் கண்ணாடிப் போத்திலுக்க வடிச்சு ஒரு இரவு வையுங்கோ. அடியில தண்ணி தனியாப் பிரிஞ்சு, செம்மண் நிறத்தில தூளும் கிடந்தால் உள்துரு. அதுக்கு அவை கையை விரிப்பினம். போத்தில் துப்பரவா இருந்து, டோர்ச் அடிச்சுப் பாக்க டாங்கி உள்ளுக்கும் பளபளப்பா இருந்து, மடிப்பில ஒரு புள்ளியில மட்டும் ஊறினால் அது செய்தவையின்ர பிழை. ரெண்டையும் திகதியோட படம் எடுங்கோ. வொறண்டி வேணுமெண்டால் பெயின்ற் சுரண்டவோ பற்றவைக்கவோ ஒருத்தரையும் விடாதேங்கோ, கை பட்டதெண்டால் கதை அதோட முடிஞ்சுது.

உள்துருவெண்டால் டாங்கியைக் கழட்டி, பெற்றோல் திறந்து பூட்டுற கொக்கையும் மிதவையையும் எடுத்து ஓட்டைகளை அடைச்சு, வினாகிரி நிரப்பி ஒரு நாள் தொடக்கம் ரெண்டு நாள் விடுங்கோ. இருபது முப்பது சின்ன நட்டுப் போட்டுக் குலுக்கினால் பொருக்கு கழரும். ஊத்தின உடனை ஒரு லீற்றர் தண்ணிக்கு மூண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைச்சு அலசுங்கோ, பிறகு நல்ல தண்ணி, பிறகு வெயிலில காயவைச்சு, கொஞ்ச எஞ்சின் ஒயில் கலந்த பெற்றோலை உள்ளுக்கச் சுழட்டி ஊத்துங்கோ. காஞ்ச டாங்கியை ஒரு இரவு சும்மா விட்டால் திரும்பத் துரு பிடிக்கும். கக்கூஸ் கழுவுற அசிட் ஊத்தவேண்டாம், மெல்லிசா இருக்கிற இடத்தைத் தின்று ஓட்டையாக்கிப்போடும். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கோ.

---

ஓமந்தை சேசிஸ்

விசுவமடு அண்ணாவின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எட்டு மாதம் "அறிவிக்கிறோம்" என்ற பதிலோடு நிற்பது நியாயமில்லை. ஆனால் தாமதம் எங்கே உருவாகிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

ரீகோல் அறிவிப்பும் திருத்தப் பாகமும் ஒரே நாளில் பிறப்பதில்லை. இலட்சக்கணக்கான வண்டிகளுக்குப் புதிய பம்ப் செய்யவேண்டும். செய்வது முதலில் உற்பத்தியாளரே நேரடியாக விற்ற சந்தைகளுக்குப் போகும். அமெரிக்காவில் பாகம் தயாரில்லை என்றாலும் 60 நாளுக்குள் உரிமையாளருக்குக் கடிதம் போடவேண்டும் என்பது சட்டம், பாகம் வந்ததும் இரண்டாவது கடிதம். அங்கேயே இழுபறி உண்டு. ஜீப் வண்டிகளின் பின்புற டாங்கிப் பிரச்சினைக்கு 2013இல் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் திருத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டது. பாகம் செய்யும் வேகத்தைப் பார்த்த அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம், இப்படியே போனால் ஒரு மொடலுக்கு மட்டும் 4.7 வருடம் எடுக்கும் என்று 2014இல் கணக்குச் சொல்லித் தகவல் கேட்டது. ரீகோல் கடமைகளில் தவறியதற்காக 2015இல் ஜீப்பைத் தயாரித்த பியட் கிறைஸ்லர் நிறுவனம் 105 மில்லியன் டொலர் தண்டத்துக்கு ஒப்புக்கொண்டது. கேட்பவர் ஒருவர் இருந்ததால்தான் அது நகர்ந்தது.

எங்கள் ரீகண்டிஷன் வண்டிகளில் சிக்கல் இன்னும் ஒரு படி கூட. வண்டியைக் கொண்டுவந்தவர் தனி இறக்குமதியாளர். உள்ளூர் ஏஜென்டின் விற்பனைப் பட்டியலில் உங்கள் சேசிஸ் நம்பரே இல்லை. நீங்கள் எழுத்தில் கொடுத்து அவர் அதை வைத்து ஜப்பானில் ஓடர் போடாவிட்டால், உங்களுக்கான பம்ப் எந்தக் கப்பலிலும் ஏறாது. தொலைபேசியில் நம்பர் சொன்னதும், யாரோ கொப்பியில் குறித்ததும் ஓடர் அல்ல. எட்டு மாதத்தில் உங்கள் பெயரில் ஓடர் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு 17 எழுத்து விஐஎன் (சர்வதேச வாகன அடையாள இலக்கம்) கிடையாது. மொடல் குறியீடு, ஒரு சிறு கோடு, பிறகு இலக்கம், அவ்வளவுதான். எனவே அமெரிக்கத் தேடல் பக்கங்கள் "இல்லை" என்று சொன்னால் நம்பவேண்டாம். ஜப்பான் மொழிப் பக்கத்தில் கோட்டுக்கு முன்னுள்ளதை ஒரு பெட்டியிலும் பின்னுள்ளதை மற்றதிலும் அடிக்கவேண்டும். பிரவுசர் மொழிபெயர்ப்பே போதும். அங்கே மூன்று வகை வரும்: ரீகோல், மேம்பாட்டு நடவடிக்கை, சேவை முகாம். மூன்றையும் பிரதி எடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ரீகோல் வேலை முடிந்ததற்கான சிறு ஸ்ரிக்கர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானிலேயே செய்து முடித்த வண்டிகளில் வழக்கமாக அங்கேதான் ஒட்டுவார்கள்.

பிறகு ஏஜென்டின் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம். கிளைக்குப் போடவேண்டாம். இணைக்கவேண்டியவை: வாகனப் பதிவுச் சான்றிதழின் பிரதி, ஜப்பான் பக்கத்தின் திரைப் பிரதி (ஸ்கிரீன்ஷொட்) திகதியோடு, வவுனியா அண்ணை சொன்ன அழுத்த அளவுகள். கேட்கவேண்டியவை நான்கு. என் சேசிஸ் நம்பருக்குப் பாகம் ஓடர் செய்யப்பட்டதா, எந்தத் திகதியில்? பாகத்தின் இலக்கம் என்ன? வேலை யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ செய்யப்படுமா, அல்லது கொழும்புக்கு வரவேண்டுமா? பாதுகாப்புக்காக நான் இப்போது சொந்தச் செலவில் பம்ப் மாற்றினால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றாவது எழுத்தில் வாங்குங்கள். அதே கடிதத்தின் பிரதியை ஆங்கிலத்தில் ஜப்பான் உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் செய்யுங்கள். தமிழில் எழுத வசதி என்றால் அரச அலுவலகங்களுக்கு தமிழிலேயே எழுதலாம், வடமாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அடித்து ஆலோசனை கேட்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி எழுத்து முறைப்பாடு விற்பனையிலிருந்து 3 மாதத்துக்குள் போகவேண்டும் என்பதை புது வண்டி எடுத்தவர்கள் மனதில் வையுங்கள். மல்லாவிக்காரர் எல்லையைத் தாண்டிவிட்டார். வொறண்டி இன்னும் இருந்தால் அதன் பத்திரத்தை வைத்து எழுத்தில் மோதவேண்டியதுதான். கைகூடாவிட்டால் பிரதேச மத்தியஸ்த சபை, அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

இன்னொரு வழி நன்றாக வேலை செய்யும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இதே ரீகோல் உள்ள வண்டிகளின் சேசிஸ் நம்பர்களைச் சேர்த்து ஒரே பட்டியலாக அனுப்பி, ஒரு நாள் ஆள் அனுப்பி இங்கேயே செய்யுமாறு கேளுங்கள். ஒரு காருக்காகக் கொழும்பிலிருந்து எவரும் 330 கிலோமீற்றர் வரமாட்டார். பன்னிரண்டு காருக்கு வர யோசிப்பார்.

---

விசுவமடு35

எல்லாருக்கும் நன்றி. சொன்ன மாதிரிப் பாத்தது இது:

பம்ப் மூடியைச் சுத்தி இடப்பக்கம் புழுதி கறுத்துக் கட்டிபட்டுக் கிடக்கு. சோக்குத் தூள் புல் டாங்கில பத்துக் கிலோமீற்றரிலேயே மஞ்சளாக் கறைபட்டுது. கனிஸ்டருக்கு ரீகோல் இல்லை. அழுத்தம் காலையில 46 பிஎஸ்ஐ, சூட்டில 33. மின்னோட்டம் சூட்டில 8 அம்பியர்.

ஓ-ரிங்கை இப்ப மாத்தலாமா? கை வைச்சால் ரீகோலைச் செய்யமாட்டம் எண்டு சொல்லுவினமோ?

---

கரடிப்போக்குக் கராஜ்

மாத்துங்கோ. ஓ-ரிங் பம்ப் எடுக்கேக்க எப்பிடியும் மாத்தவேண்டிய சாமான், அதைக் காட்டி ஒருத்தரும் ரீகோலை மறுக்க ஞாயமில்லை. கழட்ட முதலும் பூட்டின பிறகும் படம் எடுத்து, பில்லையும் பழைய ரிங்கையும் கடதாசிப் பையில போட்டு வையுங்கோ.

டாங்கி காலுக்குக் கொஞ்சம் மேல இருக்கேக்க செய்யுங்கோ. திறந்த வெளி, காத்து நல்லா வாற இடம், பக்கத்தில பவுடர் தீயணைப்பான். போனைத் தள்ளி வையுங்கோ. பம்ப் ரிலேயைக் கழட்டி எஞ்சினை ஓடவிட்டால் லைனில இருக்கிற பெற்றோல் முடிஞ்சு தானா அணையும், அழுத்தம் இறங்கியிடும். ஹைபிரிட்டில எஞ்சின் தானா ஓடாமல் நிண்டால், 12 வோல்ட் மைனஸ் வயரைக் கழட்டினாப் பிறகு லைன் இணைப்பைத் துணியால சுத்திப் பிடிச்சு மெதுவாத் திறவுங்கோ. 12 வோல்ட் மைனஸைக் கழட்டுறதை மறக்காதேங்கோ.

பிறகுதான் முக்கியமான வேலை. கச்சான் காத்துக் காலத்தில வீட்டு முற்றத்தில டாங்கியைத் திறந்தால் உள்ள போறது பாதி மண். புருசாலையும் காத்தாலையும் சுத்தியுள்ள புழுதி முழுக்க எடுத்து, ஈரத்துணியால துடைச்ச பிறகு திறவுங்கோ. உள்ள விழுற மண் பம்பின்ர அடி வலையை அடைக்கும். பிறகு புதுப் பம்ப் போட்டாலும் அழுத்தம் குறையும், ஆக்கள் பம்பைப் பேசுவினம்.

பூட்டு ரிங்கில டாங்கிக்கும் அதுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறி அடையாளம் வையுங்கோ. ஸ்குறூடிரைவர் வைச்சுச் சுத்தியலால தட்டிறதை விடுங்கோ, இரும்பில இரும்பு பட்டால் பொறி. மரக்கட்டை அல்லது பித்தளை. பம்பைத் தூக்கேக்க சரிச்சு எடுக்கவேணும், மிதவைக் கம்பி வளைஞ்சால் பெற்றோல் முள்ளு பிழையாக் காட்டும்.

புது ரிங் வண்டி மொடலுக்கு உரியதாத்தான் இருக்கவேணும். கடையில "அளவு சரி" எண்டு தாற சாதாரண ரப்பர் பெற்றோலில ஊதி ரெண்டு மாசத்தில வெளியில தள்ளும். சிலிக்கன் பசை ஒரு துளியும் வேண்டாம், பெற்றோல் அதைக் கரைச்சு இன்ஜெக்டருக்குக் கொண்டுபோகும். ரிங் முறுகாமல் குழியில இருந்ததைக் கண்ணால பாத்துப் பிறகு பூட்டுங்கோ, அடையாளக் கோடு நேர வரவேணும். முடிஞ்சதும் சுவிச்சை ரெண்டு மூண்டு தரம் போட்டு நிப்பாட்டி, அழுத்தம் ஏத்தி, சீட்டை வைக்க முதல் மூடியைச் சுத்திப் பாருங்கோ.

---

வவுனியா டயக்னோஸ்

சூட்டில் 33 பிஎஸ்ஐ, 8 அம்பியர் என்றால் பம்ப் உள்ளே உராய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த நிலையில் ஓடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். குறிப்பாக ஒட்டுசுட்டான்–நெடுங்கேணிப் பக்கம் இரவில் வேண்டாம். வீடில்லாத இடம், யானை குறுக்கிடும் இடம், அங்கே அணைந்தால் உதவிக்கு ஆளில்லை. கட்டாயம் ஓடவேண்டுமென்றால் காலையில், ஊருக்குள், அரை டாங்கியோடு.

கடிதத்துக்கு 14 நாளில் பதில் வராவிட்டால் பம்பைச் சொந்தச் செலவில் மாற்றுங்கள். கொப்பி வேண்டாம். கழட்டிய பழைய வண்டியின் பம்பும் வேண்டாம், அதுவும் இதே தொகுதியாக இருக்கக்கூடும். திருத்தப்பட்ட இலக்கமுள்ள புதிய பம்ப் கேளுங்கள், பெட்டியில் உள்ள இலக்கத்தைக் கடிதத்தில் கேட்ட இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். பழைய பம்பை எறியவேண்டாம், அதன் உடலில் உள்ள இலக்கம்தான் பணம் திரும்பக் கேட்க உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று. பெற்றோலை வடித்து, ஒரு நாள் வெளியில் காயவிட்டு, பிறகு பொதி செய்யுங்கள்.

---

விசுவமடு35

ஓ-ரிங் சாமானுக்கு வவுனியாவில சொல்லியாச்சு. கடிதம் நாளைக்குப் பதிவுத் தபாலில போகுது, 33 பிஎஸ்ஐ படத்தோட. கிளிநொச்சி, முல்லைத்தீவில இதே ரீகோல் காட்டுற வண்டி வைச்சிருக்கிறவை சேசிஸ் நம்பரைத் தனிமடலில அனுப்புங்கோ. இஞ்சை பொதுவில போடவேண்டாம். இதுவரை மூண்டு வண்டி சேர்ந்திருக்கு.